மூன்றாம் மாதம்

(ஜமுனாமரத்தூரில் 2024 ஆடி மாதம், மகளிர் குழுக்களும் வெளியூர் வேலைக்குப் போய்வரும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் போளூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலைக்காரர். எங்கே பயணம் என்று கேட்டார். உங்கள் ஊருக்குத்தான், கூட்டத்தில் பேச என்றேன். எதைப் பற்றி என்றார். நெருக்கடி வந்து வேலை போய்விட்டால் எப்படிச் சமாளிப்பது என்பது பற்றி என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வேலை எங்க சார் போவுது? இருந்தாத்தான போறதுக்கு."

இரண்டு வாரமாகத் தாளில் குறித்துவைத்திருந்த பேச்சு அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. வளைவு வளைவாக பஸ் ஏறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தேன். அதனால் எழுதிவந்ததைப் படிக்கப் போவதில்லை. பேச்சு அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கூட்டுறவுச் சங்கங்களில் கடன் மேசைக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்தவன். மனிதர்களை அவர்கள் கடன் கேட்க வரும் முகத்தோடுதான் எனக்குத் தெரியும். அந்த முகத்துக்குச் சில பருவங்கள் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் தங்கை மகன் கீழே ஒரு தொழிற்சாலையில் இருந்தான். 2020 ஏப்ரலில் அவனுக்குப் பாதிச் சம்பளம் என்று செல்போனில் செய்தி வந்தது. ஜூனில் வேலையே இல்லை. அவனைக் கேட்டால் வேலை போன தேதியைச் சொல்வான், கிழமையைச் சொல்வான், அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூடச் சொல்வான். பட்டணத்தில் வேலை இழப்புக்கு ஒரு நாள் உண்டு. துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி நாலு பேர் வந்து விசாரித்துவிட்டும் போவார்கள்.

இந்த மலையில் ஒரு குடும்பத்தின் வருடத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் சாமை விதைப்பு. ஐப்பசி வாக்கில் அறுப்பு. அது முடிந்தால் ஒரு கூட்டம் கர்நாடகத்துக்குக் காப்பிப் பழம் பறிக்க, இன்னொரு கூட்டம் கேரளத்துக்கு மிளகு பறிக்க, கட்டட வேலைக்கு. மாசி, பங்குனியில் திரும்பிவந்து புளி உலுக்கல். இடையில் தேன், கடுக்காய், நெல்லி. பலாப் பருவத்தில் பலா. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இதில் எதை வேலை என்று சொல்வது? ஒட்டுத்துணி பத்தைச் சேர்த்துத் தைத்த போர்வை அது. ஒரு ஒட்டு பிரிந்தால் உடனே தெரியாது. குளிர் எந்தப் பக்கம் நுழைகிறது என்று ராத்திரியில்தான் தெரியும். பெரியவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அவரோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. போகிறது, ஐயா. பெயர் இல்லாத வேலையும் போகத்தான் போகிறது. இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் என்ற தனியார் ஆய்வு நிறுவனம் 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் நாட்டில் 12 கோடிக்கு மேற்பட்டோர் பிழைப்பை இழந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் முக்கால் பங்கு தினக்கூலிகளும் சிறு வியாபாரிகளும். பணிநீக்கக் கடிதம் கையில் வாங்காதவர்கள்.

அந்த மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. இடையில் நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் குடகிலிருந்து ஜமுனாமரத்தூர் வந்து சேர முடியுமா? பஸ் இருக்கிற நாளிலேயே முடியாது. போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். வந்து சேர்ந்தவர்களுக்கு இங்கே பங்குனி. புளி உதிர்த்து, ஓடு நீக்கிக் கூடையில் கிடக்கிறது. வாங்க வேண்டிய வியாபாரி மலையேறவில்லை, இவர்கள் இறங்கவும் முடியவில்லை. மே மாதம் முதல் தேதி மத்திய அரசு சிறு வனப்பொருள்களுக்கான ஆதரவு விலையைத் திருத்தியது. கொட்டையோடு புளி கிலோ 31லிருந்து 36 ரூபாய், தேன் 195லிருந்து 225. நல்ல விஷயம்தான். பணம் இல்லாத வீட்டில் புளி அதற்குள் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பதை இங்கே இருக்கிற பெண்களிடம் கேட்க வேண்டும். நான் கேட்டவரை, பெரும்பாலோர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

முதல் மாதம் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்றே எனக்குத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் மாநில அரசு கொடுத்தது. ஆளுக்கு 5 கிலோ அரிசி மத்திய அரசின் பங்கு. ரேஷன் கடை இந்த நாட்டில் செய்திருக்கிற காரியத்தைப் பேசாமல் நெருக்கடி பற்றிப் பேசுவது நன்றிகெட்டதனம். அரிசி இருந்தது. சாமையும் கொஞ்சம் தானியத் தொம்பையில் கிடந்தது.

இரண்டாம் மாதம் மளிகைக் கடை நோட்டு நீண்டது. கடைக்காரரும் நம்மைப் போன்றவர்தானே, எழுதிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் வேறு மாதிரி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜீப் வைத்துக் கீழே போக வேண்டும். பாடம் எல்லாம் போனில் நடக்கிறது என்று சொன்னதால் போனுக்குப் பணம் போட வேண்டும். போட்டாலும் டவர் கிடைக்க மொட்டைப் பாறை மேல் ஏற வேண்டும், அது தனிக்கதை. குழு லோன் டியூ நிற்கிறது. அரிசியைக் கொடுத்து எதையும் கட்ட முடியாது. கையில் நோட்டு வேண்டும். முப்பது வருடத்தில் நான் பார்த்த கடன் முகங்களில் மோசமான முகம் இந்த மூன்றாம் மாதத்து முகம்தான். முதல் மாதம் வருகிறவர் வட்டி எவ்வளவு என்று கேட்பார். மூன்றாம் மாதம் வருகிறவர் கேட்பதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்பார்.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணையை மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்று அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. நம் மக்களில் பலர் அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. அந்த மாதங்களுக்கு வட்டிமேல் வட்டி போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 மார்ச்சில். ஒரு வருடம் கழித்து. சலுகை என்று எது வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டி நிற்குமா, ஓடுமா? வாயால் சொன்னதை நம்பாதீர்கள். நானும் மேசைக்குப் பின்னால் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

அந்த மூன்றாம் மாதத்தில்தான் ஒரு ஆள் மலையேறி வருவார். மேஸ்திரி என்பீர்கள், ஏஜெண்டு என்பீர்கள். நல்லவராகவும் இருப்பார், பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். சட்டைப் பையில் அட்வான்ஸ் இருக்கும். எங்கே வேலை, என்ன கூலி, எத்தனை நாள் என்பதெல்லாம் பிறகு. முதலில் பணம். அட்வான்ஸ் வாங்கிய கணத்தில் நமக்கு வேலை கிடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் கிடைத்தது கடன். வேலை செய்து அடைக்க வேண்டிய கடன். பட்டணத்துக்காரனுக்கு வேலை போனால் சம்பளம் நிற்கிறது, அவ்வளவுதான். அட்வான்ஸ் வாங்கிப் போனவருக்கு வேலை நின்றாலும் அட்வான்ஸ் நிற்பதில்லை. 2020இல் எஸ்டேட்டிலிருந்தும் சூளையிலிருந்தும் பாதியில் திரும்பியவர்கள் சம்பளம் இல்லாமல் வந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அது முக்கால் உண்மை. சிலர் சம்பளம் இல்லாமல், பாக்கியோடு வந்தார்கள். அடுத்த வருடம் அதே இடத்துக்கு, அதே ஆளோடு, குறைந்த கூலிக்குப் போக வேண்டியதாயிற்று. அட்வான்ஸைத் திருப்பும்வரை நகரக்கூடாது என்று ஒருவரைப் பிடித்துவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்; அந்தக் கடனும் செல்லாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் இங்கிருந்து எடுத்துப் போனாலும் எனக்குப் போதும். இதற்குப் போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாய், நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதம் 1,000. 2020இல் நூறுநாள் வேலையின் ஒரு நாள் கூலி 256 ரூபாய். வட்டிக்கு மட்டும் நாலு நாள் மண் வெட்ட வேண்டும். பத்து வட்டி என்றால் எட்டு நாள். அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

இதோடு ஒரு கசப்பான விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் போனால் இந்த மலையில் பேசியதாகவே ஆகாது. 2015 ஏப்ரல் 7, விடிகாலை, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர அதிரடிப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் பலர். தருமபுரி பக்கத்து மலைக்காரர்களும் இருந்தார்கள். மோதல் என்று காவல்துறை சொன்னது. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதாக மனித உரிமை அமைப்புகள் கூறின. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. என் கேள்வி அதற்கு முந்தின நாள்களைப் பற்றியது. மரம் கடத்தி லட்சம் லட்சமாகச் சம்பாதித்தவன் அந்தக் காட்டில் கிடக்கவில்லை. கிடந்தவர்கள் கோடரிக் கூலிகள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று கீழே சிலர் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். மாதம் ஒரு சம்பளம் வாங்கிக்கொண்டு இருப்பவர்கள்தான் அப்படிப் பேசினார்கள். செம்மரப் புரோக்கரும் அதே அட்வான்ஸோடுதான் வந்தான். காப்பித் தோட்டத்து மேஸ்திரி வந்த அதே பாதையில், வீட்டில் காசு இல்லாத அதே நாளில். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள். கூலி மட்டும் இவனிடம் பல மடங்கு. இன்னும் ஒரு மாதம் தாங்கும் அளவுக்கு வீட்டில் ஏதாவது இருந்திருந்தால் அந்த இருபது பேரில் எத்தனை பேர் பஸ் ஏறியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். பதில் தெரியாது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

வேலை போன நாளில் யாரும் கெட்டுப்போவதில்லை. காத்திருக்க முடியாத நாள் ஒன்று வருகிறதே, அன்றைக்குச் செய்துகொள்ளும் பேரத்தில்தான் கெடுகிறோம். ஆகவே, சமாளிப்பது என்றால் அந்த நாளைத் தள்ளிப்போடுவது. ஒரு வாரம், ஒரு மாதம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

இந்த உண்மை நம்மைவிட நம்மிடம் வேலை வாங்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் தெரிந்திருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அது 1876இல் தொடங்கி 78 வரை நீண்டது. அன்றைய வட ஆர்க்காடும் அதில் அடிபட்டது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பஞ்ச நிவாரணம் என்று மக்களைக் கல்லுடைக்கவும் கால்வாய் வெட்டவும் விட்டார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் அப்படி வெட்டியதுதான். செலவு கூடிப்போகிறது என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைக் கல்கத்தாவிலிருந்து அனுப்பினார்கள். அவர் 1877இல் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர், இதைத் தின்று உழைக்கும் உடம்பு தேயும், ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று சண்டை போட்டார். கொஞ்சம் ஏற்றவும் வைத்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூலியைக் குறைத்தது எப்போது? மக்களுக்கு வேறு போக்கிடமே இல்லாத நேரத்தில். கூலி ஒரு பவுண்டு என்றதும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்வது எளிதில்லை. நெருக்கடியில் சம்பளக் குறைப்பு சுலபமாக நடப்பதற்கு நஷ்டம் மட்டும் காரணம் இல்லை. நஷ்டமே இல்லாத முதலாளியும் அந்தச் சமயத்தில் குறைத்துப் பார்ப்பார். நம்மால் நகர முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒரு ஏற்பாடு உண்டு. நெருக்கடி வந்தால் ஆளை நிறுத்தாமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். அதனால் இழக்கும் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை இருந்தால் 67 சதவீதத்தை, அரசின் காப்பீட்டு நிதி கொடுக்கும். 2020 ஏப்ரலில் ஏறக்குறைய அறுபது லட்சம் பேர் அந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. காத்திருக்கும் செலவை நாடு ஏற்றுக்கொண்டது; இங்கே அந்தச் செலவைக் காதில் கிடக்கிற தோடு ஏற்றுக்கொள்கிறது.

நம்மிடம் அதற்குப் பக்கத்தில் வருகிற ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான். நீங்கள் தினமும் திட்டுகிற நூறுநாள் வேலை. 2006 பிப்ரவரியில் நாட்டில் 200 மாவட்டங்களில் அது தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள். அதில் திருவண்ணாமலை ஒன்று. இதே மலையின் அந்தப் பக்கம், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு எல்லாம் அன்று வேலூர் மாவட்டம். அங்கே 2008 ஏப்ரலில்தான் வந்தது. ஒரே மலை, ஒரே சனம், நடுவில் ஒரு கோடு. அதற்கு விலை இரண்டு வருடம். 2020இல் கூலி 229லிருந்து 256 ஆயிற்று. ஏப்ரல் 20 முதல் வேலை நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. இங்கே மண்வெட்டி பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அந்த நிதியாண்டில் நாடு முழுக்க ஏழரைக் கோடிக் குடும்பங்கள் இதில் வேலை செய்தன. அதுவரை எந்த வருடமும் அவ்வளவு இல்லை. திருப்பூரில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பையன்களும் ஏரிக்கரையில் வந்து நின்றார்கள், அம்மாவோடு ஒரே குழியில்.

256 ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால் 25,600 ரூபாய். அது குடும்பத்தை வாழவைக்காது. ஆனால் ஏஜெண்டிடம் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்ல வைக்கும். அந்த ஒரு வார்த்தை கூலியை எப்படி ஏற்றுகிறது என்பதை இங்கே மேஸ்திரிகள் யாராவது இருந்தால் ஒப்புக்கொள்வார்கள். கீழே நிலம் வைத்திருப்பவர்கள் நூறுநாள் வேலையை வெறுப்பதற்கும் அதுதான் காரணம்; சோம்பேறித்தனம் என்று சொல்வதெல்லாம் சும்மா.

2024இல் அந்தக் கூலி 319 ரூபாய். ஆனால் வேலை கேட்டால் பட்டியலில் பேர் வரட்டும் என்கிறார்கள், வந்தால் பணம் வரட்டும் என்கிறார்கள். எழுதிக் கேளுங்கள். தேதி போட்ட ரசீது வாங்குங்கள். பதினைந்து நாளில் வேலை தரவில்லை என்றால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு பாதி. படி வாங்கியவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள். ... பார்த்தீர்களா. ரசீது இல்லாமல் படி இல்லை. ரசீது கொடுக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

இனி சாமைக்கு வருகிறேன். நான் சிறுதானியத்தைப் புகழ்ந்து பேச வரவில்லை. அதைக் கீழே பல்பொருள் அங்காடிக்காரர்கள் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுச் செய்கிறார்கள். எனக்குச் சாமையில் பிடித்தது, அது கெடாமல் கிடக்கும் என்பது. உமியோடு தொம்பையில் போட்டால் வருடக்கணக்கில் இருக்கும். முன்பு வீட்டு வாசலிலேயே இருந்த சேமிப்புக் கணக்கு அது. எப்போது வேண்டுமோ அப்போது உரலில் போட்டுக் குத்தினால் சாப்பாடு. இன்று என்ன நடக்கிறது? ஐப்பசி அறுப்பு களத்தை விட்டு நகர்வதற்குள் வியாபாரி வந்துவிடுகிறார். ஆடியிலேயே அவரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோம். களத்து விலைக்குப் போகிறது. உமி நீக்கிய அரிசியாக அது திரும்பி வரும்போது நாமே வாங்க முடியாத விலை. அத்தியந்தலில் இருக்கிற சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகத்தை 2019இல் வெளியிட்டது. விளைச்சல் கூடுதல், மூன்று மாதத்துக்குள் அறுப்பு. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த ரகத்தைப் போட்டாலும், இரண்டு மூட்டையை யார் கேட்டாலும் விற்பதில்லை என்று வீட்டில் ஒரு தீர்மானம் வேண்டும். விதைக்கு எடுத்துவைக்கிறோம் அல்லவா, அது மாதிரி நெருக்கடிக்கு.

மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு தம்பதி வருவார்கள். பெயர் வேண்டாம். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்வி ஒன்றே: "சார், இதை எப்ப வேணா கட்டலாமா, இல்ல சொன்ன தேதிக்கா?" எவ்வளவு தருவீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், அவர் மட்டும் எவ்வளவு நாள் தருவீர்கள் என்று கேட்டார். எனக்குப் பொருளாதாரம் கற்பித்தவர் அவர்தான்.

காத்திருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில், மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு பஞ்சாலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்களில் முக்கால்வாசியில் ஒருவருக்கும் வேலை இல்லை. மரி யாகோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் என்ற மூன்று பேரும் அவர்களுடைய கூட்டாளிகளும் அந்த ஊரில் போய் இருந்து பார்த்து 1933இல் புத்தகமாக எழுதினார்கள். என்ன பார்த்தார்கள் தெரியுமா? நேரம் எக்கச்சக்கமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் போகிறவர்களின் நடையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவில் நடுவில் நின்றார்கள். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்குத் துவைக்கவும் சமைக்கவும் இருந்தது. அவர்களுடைய வேலை போகவில்லை, சம்பளம்தான் போயிருந்தது.

இதைப் படித்தபோது 2020 ஜூலையில் நம் ஊர்த் திண்ணைகள்தான் ஞாபகம் வந்தன. வெளியூரிலிருந்து திரும்பிய பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அக்காக்களும் அம்மாக்களும் விறகுக்கும் தண்ணீருக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். சம்பளம் நின்றுபோன ஆண் வீட்டில் சும்மா உட்கார்ந்தால், சாயங்காலம் எங்கே எழுந்து போவான் என்பதைப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டில் அதுவரை காப்பாற்றிவைத்த பணம் அங்கேதான் போகும். தம்பிகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை இல்லாத நாளில் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு எங்காவது ஒரு காரியத்துக்குப் போங்கள். சாமை நிலத்தில் களை இருக்கும், ஓடையில் கல்கட்டு சரிந்திருக்கும், தங்கச்சிக்குக் கணக்குப் பாடம் புரியாமல் இருக்கும்.

தொழிற்சாலையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. சம்பளம் குறைக்கிறோம் என்று சொன்னால், குறைப்பா, தள்ளிவைப்பா என்று கேளுங்கள். தள்ளிவைப்பு என்றால் எப்போது தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். என் தங்கை மகன் வாங்கவில்லை. அந்தப் பாதி இன்றுவரை வரவில்லை. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் என்று ஒன்று 2018இலிருந்து இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரி நாள் சம்பளத்தில் கால் பங்கு என்று இருந்ததை 2020 மார்ச் 24 முதல் பாதியாக்கினார்கள், 90 நாள்வரை. கேட்டு வாங்கினவர்கள் வெகு குறைவு, ஏனென்றால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. பி.எஃப். பணத்தில் மூன்று மாதச் சம்பளம் வரை எடுக்கலாம் என்றும் அப்போது அனுமதித்தார்கள். அதை எடுத்து மோட்டார் சைக்கிள் டியூ கட்டினவர்களை எனக்குத் தெரியும். வண்டியை விற்றிருக்கலாம். விற்றால் ஊரில் கௌரவம் போய்விடும் என்று பயம். நெருக்கடியில் கடைசியாக விற்கப்படுவது கௌரவம். அதற்குள் மற்றதெல்லாம் போயிருக்கும்.

குழுப் பெண்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் சேமிப்பை எல்லாம் வங்கிக் கடனுக்கான தகுதியாக மட்டும் பார்க்கிறீர்கள். அதில் ஒரு சிறு பங்கைத் தனியாக வையுங்கள். மூன்றாம் மாதத்துக்கு என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு 3,000 ரூபாய், வட்டி இல்லாமல், கேள்வி கேட்காமல், ஒரே ஒரு நிபந்தனையோடு: அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் குழுவுக்கு வந்து சொல்ல வேண்டும். மூவாயிரத்தில் யார் வாழ முடியும் என்று கேட்காதீர்கள். பத்து நாள் வாழலாம். பத்து நாளில் கர்நாடகத்திலிருந்து இன்னொரு மேஸ்திரி வருவார். இரண்டு பேர் வந்தால்தான் கூலி என்று ஒன்று உண்டு.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கே மழை இறங்குகிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். நானும் அதில்தான் போகிறேன். வாசல் பக்கத்து மேசையில் வேலை கேட்கும் விண்ணப்பத் தாள் வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெண்பிள்ளைகள் எழுதித் தருவார்கள். டீக்கடைப் பெரியவரும் நான் வந்த பஸ்ஸிலேயே ஏறி, இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் பேரையும் எழுதச் சொல்லட்டுமா? வேலை இருந்தாத்தான போறதுக்கு என்றீர்கள். முதலில் அதைத் தேதி போட்டுக் கேட்போம்.